எந்த புளோக், எத்தனையாவது மாடி?

சிங்கப்பூருக்கு மருமகளாக வந்து இரண்டு ஆண்டுகள் முடிந்திருந்தன. 2014ஆம் ஆண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. தோ பாயோ சந்தையிலிருந்து நானும் என் மாமனாரும் வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். தள்ளுவண்டியில் பத்து மாதக் குழந்தை. வண்டியின் கைப்பிடியில் முருங்கைக்காய்ப் பையும் மீன் பையும் தொங்கின. வீட்டுக்கு இன்னும் இரண்டு புளோக் இருக்கும்போது மாமா நின்றார்.

“கொஞ்சம் இரும்மா” என்றார். ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில், தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில், சுவரோடு சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை. இடக்கை நெஞ்சில் இருந்தது.

995 என்ற எண் எனக்குத் தெரியும். அழைத்தேன். மறுமுனையில் பேசியவர் நிதானமாகக் கேட்டார், எங்கே இருக்கிறீர்கள் என்று.

“தோ பாயோ” என்றேன்.

தோ பாயோவில் எங்கே?

“மார்க்கெட்... நியர் மார்க்கெட்.”

எந்த புளோக்?

எனக்குத் தெரிந்தது எங்கள் வீட்டு எண் ஒன்றுதான். அதைச் சொன்னால் வண்டி அங்கே போய்விடுமே என்று பயந்தேன். “மை ஹவுஸ் நியர்” என்றேன். “மை ஃபாதர் இன் லா” என்றேன். அதற்குமேல் வாயில் தமிழ்தான் வந்தது. கோயிலுக்குப் போகிற வழி, பெரிய மரம் இருக்குமே, அது பக்கத்தில்.

நான் பி.காம். படித்தவள். ஆங்கிலத்தில் தேர்வெழுதித் தேறியவள். என்றாலும் அந்த இரண்டு நிமிடங்களில், நான் நிற்கும் இடத்தை இன்னொருவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு வாக்கியமும் இல்லை.

பள்ளிச் சீருடையில் ஒரு சீனப் பையன் அந்தப் பக்கம் வந்தான். பன்னிரண்டு வயது இருக்கலாம். என் முகத்தையும் மாமாவையும் பார்த்தான். கையை நீட்டினான். தொலைபேசியைக் கொடுத்தேன். தலையை நிமிர்த்தி மேலே ஒருமுறை பார்த்தான். பிறகு மூன்றே செய்திகளைச் சொன்னான்: புளோக் எண், தெருப் பெயர், கீழ்த்தளத்தில் தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில், கார்ப்பேட்டை நுழைவாயிலைப் பார்த்தபடி. அவ்வளவுதான்.

அவன் எங்கே பார்த்தான் என்று நானும் நிமிர்ந்து பார்த்தேன். சுவரில் ஆளுயரத்துக்குப் புளோக் எண் எழுதியிருந்தது. இரண்டு ஆண்டுகளாக வாரத்துக்கு மூன்று முறை அதன் அடியில் நடந்திருக்கிறேன். ஒருநாள்கூடப் பார்த்ததில்லை.

வண்டி சில நிமிடங்களில் வந்தது. மாமா பிழைத்தார்.

வேப்பமரத்து வீடு

என் ஊர் பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே வீட்டுக்கு எண் உண்டு; கதவு நிலையில் வரி வசூலுக்காக யாரோ பெயின்டில் எழுதியது. அந்த எண் எங்கள் யாருக்கும் தெரியாது. “வேப்பமரத்து வீடு” என்றால் போதும். மரம் விழுந்து பதினைந்து ஆண்டுகள் ஆன பிறகும் அது வேப்பமரத்து வீடுதான். பேருந்தில் வந்து இறங்குபவர் டீக்கடையில் என் அப்பா பெயரைச் சொன்னால், கடைக்காரரே ஒரு சிறுவனைக் கூட அனுப்புவார்.

அங்கே வழி சொல்வதற்கு மொழி தேவையில்லை, ஆட்கள் போதும் என்பது இங்கே வந்த பிறகுதான் புரிந்தது. இங்கு மக்களில் பத்தில் எட்டுப் பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். ஒரே நிறம், ஒரே உயரம், ஒரே மாதிரி ஜன்னல்கள். “யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்” என்பது இங்கே செல்லாது. எண்ணைச் சொன்னால்தான் வீடு கண்ணுக்குத் தெரியும்.

மாமா மருத்துவமனையில் இருந்த நாள்களில் என் கணவர் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த மாதமே ஆங்கில வகுப்பில் சேர்ந்தேன்.

புகைபோக்கி வைத்த வீடு

வகுப்பு வாரம் இரண்டு மாலை. பதினான்கு பேர் இருந்தோம். சீனாவிலிருந்தும் வியட்னாமிலிருந்தும் மியன்மாரிலிருந்தும் வந்த பெண்கள் பலர், எழுதப் படிக்க வாய்ப்புக் கிடைக்காத உள்ளூர் சீன ஆன்ட்டி ஒருவர், நான்.

மூன்றாம் பாடத்தின் தலைப்பு, உங்கள் வீட்டை வர்ணியுங்கள். புத்தகத்தில் ஒரு வீட்டின் படம். கூம்பிய கூரை, அதில் புகைபோக்கி, கூரைக்கடியில் பரண் அறை, வரவேற்பறையில் கணப்பு, முன்னால் ரோஜாத் தோட்டம், வெள்ளை வேலி. ஒவ்வொன்றுக்கும் அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதியிருந்தது. நாங்கள் பதினான்கு பேரும் அந்தச் சொற்களை மூன்று முறை சேர்ந்து சொன்னோம். எங்களில் ஒருவர் வீட்டிலும் புகைபோக்கி கிடையாது.

ஆசிரியருக்கே சிரிப்பு வந்துவிட்டது. புத்தகத்தை மூடச் சொன்னார். “நீங்கள் பிறந்த வீட்டைச் சொல்லுங்கள்” என்றார்.

வியட்னாமியப் பெண் ஒருவர் ஆற்றின்மேல் கால் நட்ட வீட்டைப் பற்றிச் சொன்னார். வெள்ளம் வந்தால் படிகளை எண்ணுவார்களாம். எத்தனை படி மூழ்கியது என்பதுதான் அவர்கள் கணக்கு. என் முறை வந்தது. திண்ணையில் மாட்டிக்கொண்டேன். அதற்கு என்ன சொல்வது? வராண்டா என்றால் சரியாக இல்லை. “வீட்டுக்கு வெளியே சிமென்டில் செய்த சோபா” என்றேன். வகுப்பே சிரித்தது.

“அதில் யார் உட்காருவார்கள்?” என்று ஆசிரியர் கேட்டார்.

“யார் வேண்டுமானாலும்” என்றேன். “வெயிலில் வருபவர், பேருந்துக்குக் காத்திருப்பவர், வம்பு பேச வருபவர். வீட்டுக்காரரைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.”

பின்வரிசையிலிருந்து சீன ஆன்ட்டி சொன்னார்: “ஓ, வாய்ட் டெக் லா.”

நான் திரும்பிப் பார்த்தேன். சரிதான். மாமா அன்று சாய்ந்து உட்கார்ந்த இடம். முன்பின் தெரியாத ஒரு பையன் கை நீட்டிய இடம். அதற்குத் தமிழில் என்னிடம் ஒரு சொல் முன்பே இருந்திருக்கிறது. அதை அங்கே பொருத்திப் பார்க்கத்தான் எனக்குத் தோன்றவில்லை.

வகுப்பு எனக்கு இலக்கணம் கொடுத்தது. எதிரே, பின்னால், இடையில், மூலையில், பார்த்தபடி என்பவற்றுக்கெல்லாம் ஆங்கிலச் சொல் கொடுத்தது. ஆனால் அந்தப் பதினொரு வாரத்தில் நான் கற்றதைவிட அதிகம் கற்றது, மாலையில் மாமாவுடன் நடந்த நடையில்.

தபால்காரரின் பாடம்

மருத்துவர் மாமாவை நாள்தோறும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லியிருந்தார். தனியாக அனுப்ப எங்களுக்குப் பயம். அதனால் நான் கூடப் போனேன். மாமா 1961இல் தபால்காரராக வேலையில் சேர்ந்தவர். முப்பத்தைந்து ஆண்டு கடிதம் கொடுத்தவர். அது எனக்கு முன்பே தெரியும். அது ஒரு படிப்பு என்பதுதான் தெரியாது.

“அட்ரஸ்ங்கிறது நமக்கு இல்லம்மா” என்றார் முதல் நாளே. “நம்மளத் தெரியாதவனுக்கு. அவன் கண்ணால பாத்துச் சொல்லணும்.”

அவர் வேலையில் சேர்ந்தபோது பாதி ஊர் கம்பம். பல அத்தாப்பு வீடுகளுக்கு ஒழுங்கான எண் கிடையாது. ஓர் எண்ணில் நான்கு குடும்பங்கள் இருக்கும். கடிதத்தை மூலைக் கடையில் கொடுத்துவிட்டு வருவாராம். புக்கிட் தீமா பக்கம் இருப்பவர்கள் ஏழாம் கட்டை என்றுதான் முகவரி சொல்வார்கள். நகரத் தலைமைத் தபால் நிலையத்திலிருந்து எண்ணிய மைல் அது. பிறகு புளோக்குகள் எழுந்தன. வீவக 1960 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. குவீன்ஸ்டவுனுக்கு அடுத்த பெரிய நகரமாக எழுந்தது தோ பாயோ. ‘தோ’ என்றால் சீன வட்டார வழக்கில் பெரியது. ‘பாயோ’ மலாய் மொழியின் ‘பாயா’, சதுப்பு நிலம். பெரிய சதுப்பு நிலத்தின்மேல்தான் நாம் துணி காயப்போடுகிறோம் என்று மாமா சொல்வார்.

ஒவ்வொரு நாளும் ஒரு வேலை வைப்பார். ஓரிடத்தில் நின்று, “நீ இங்க மயங்கி விழுந்துட்டேன்னு வச்சிக்க. எங்க இருக்கேன்னு சொல்லு” என்பார். நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்.

முதல் தவறு வரிசையில் வந்தது. தமிழில் நாம் வெளியிலிருந்து உள்ளே போகிறோம்: தோ பாயோவில், எட்டாம் லோரோங்கில், சந்தைக்குப் பின்னால், இந்த புளோக்கில், ஏழாம் மாடியில். ஆங்கிலத்தில் புளோக் எண்ணை முதலில் வைக்க வேண்டும். “அவன் எழுதிக்கிட்டு இருப்பான். முதல்ல எண்ணக் குடு. கதைய அப்புறம் சொல்லு.”

இரண்டாவது தவறு மாடிக் கணக்கில். ஊரில் தரைத்தளத்துக்கு மேல் இருப்பதுதான் முதல் மாடி. இங்கே தரையே முதல் மாடி. வீட்டு எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் மாடியைக் குறிக்கும். 07 என்றால் ஏழாம் மாடி. ஊர்க் கணக்கில் அது ஆறாவது. எங்கள் வீட்டுக்கு வந்த என் சித்தப்பா ஒருமுறை எட்டாம் மாடி மலாய்க் குடும்பத்தின் கதவைத் தட்டிவிட்டு, அவர்கள் கொடுத்த தண்ணீரையும் குடித்துவிட்டு வந்த கதையை அன்றுதான் எனக்கு விளக்க முடிந்தது.

அறைக் கணக்கும் அப்படித்தான். இங்கே நான்கறை வீடு என்றால் மூன்று படுக்கையறை, நான்காவது கூடம். எங்கள் மூன்றறை வீட்டைப் பற்றி ஊருக்குத் தொலைபேசியில் சொன்னபோது, அம்மா ஆளுக்கொரு படுக்கையறை என்று நினைத்து மகிழ்ந்துபோனார். நான் திருத்தவில்லை.

மூன்றாவது, அடையாளம். லோரோங் 6இல் மணலில் படுத்திருக்கும் ஆரஞ்சு நிற டிராகன் விளையாட்டிடம் உங்களில் பலருக்குத் தெரியும். கோர் இயன் கீ என்பவர் 1979இல் வடிவமைத்தது. ஒரு மாலை அதன் முன்னால் நின்று, “டிராகனுக்குப் பக்கத்தில்” என்றேன் பெருமையாக.

“எந்த டிராகன்? அங் மோ கியோவுல ஒண்ணு இருக்கே” என்றார் மாமா. “அடையாளத்த மட்டும் சொல்லாத. லோரோங் ஆறுன்னு சேத்துச் சொல்லு.”

புளோக் எண் தெரியாத இடத்தில் என்ன செய்வது? பேருந்து நிறுத்தத்தில் ஐந்து இலக்க எண் இருக்கும். அதைப் படி என்றார். விளக்குக் கம்பத்தில் எண் ஒட்டியிருக்கும், அதைப் படி. அதுவரை எனக்குச் சும்மா கம்பமாக இருந்தவை எல்லாம் ஏதோ சொல்லத் தொடங்கின.

அஞ்சல் குறியீடு பற்றிப் பேச ஆரம்பித்தால் நடை அரை மணியில் முடியாது. 1950இல் வந்தது இரண்டு இலக்கம். தோ பாயோ அப்போது சிங்கப்பூர் 12. 1979இல் நான்கு இலக்கம் ஆனது. 1995 செப்டம்பரில் ஆறு இலக்கம், ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனிக் குறியீடு. எங்கள் பேட்டையில் 31இல் தொடங்கும். புளோக் எண்ணும் பெரும்பாலும் அதன் கடைசியிலேயே இருக்கும். “ஆறு எண்ணச் சொன்னா வாசல்ல வந்து நிப்பான். அது வந்த மறு வருஷம் நான் ரிட்டயர் ஆயிட்டேன். இனிமே தபால்காரனுக்கு மூளை எதுக்கு?” என்று சிரித்தார்.

ஞாயிறுகளில் நடை தேக்காவுக்கு நீளும். அங்கே அவர் கடைவீடுகளின் முன்னுள்ள ஐந்தடிப் பாதையைக் காட்டினார். ஒவ்வொரு வீடும் முன்பக்கம் நிழல் பாதை விட்டுக் கட்ட வேண்டும் என்பது 1822இல் ராஃபிள்ஸ் நகரத் திட்டத்தில் சொன்னது. மலாயில் ‘காக்கி லிமா’. ஆங்கிலத்திலும் தமிழிலும் அதே ஐந்தடி. ஆங்கிலம் கற்க வந்த எனக்கு, இங்குள்ள ஆங்கிலம் பாதி நம் பக்கத்துச் சரக்கு என்று தெரிந்தது வேடிக்கையாக இருந்தது. வீட்டைச் சுற்றியுள்ள வளாகத்தை ‘காம்பவுண்ட்’ என்கிறோமே, அது மலாயின் ‘கம்போங்’ என்பதிலிருந்து வந்தது என்று மொழி அறிந்தவர்கள் பலர் கருதுகிறார்கள். புளோக்குக்குக் கீழே இருக்கும் சிறு மளிகைக் கடையைச் சீனர்களும் ‘மாமா ஷாப்’ என்கிறார்கள். அது நம் மாமாவேதான். அன்று முழுவதும் மாமா தன் பெயரில் தீவு முழுக்கக் கடை இருப்பதாகப் பெருமையடித்துக்கொண்டு வந்தார்.

நானும் ஒன்று சொல்லி அவரைச் சிரிக்க வைத்தேன். வந்த புதிதில் பேருந்தில் தமிழ் நாளிதழ் படித்தபோது ‘அப்பர் சிராங்கூன் சாலை’ என்று இருந்தது. சிங்கப்பூரில் திருநாவுக்கரசருக்கு ஒரு சாலையே வைத்திருக்கிறார்களே என்று நெகிழ்ந்துபோய் ஊருக்குத் தொலைபேசியில் சொன்னேன். பிறகு அப்பர் டிக்சன் சாலை, அப்பர் வெல்ட் சாலை என்று பார்த்தபோதுதான் சந்தேகம் வந்தது. மாமா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “மேல் சிராங்கூன்மா அது” என்றார்.

இப்படியே இரண்டு ஆண்டு. ஒருநாள் மாலை, அவர் விழுந்த அதே தபால் பெட்டிகளுக்கு முன்னால் என்னை நிறுத்தினார். ஒன்றும் கேட்கவில்லை. நானே சொன்னேன், மூச்சு விடாமல், ஆங்கிலத்தில்: புளோக் எண், தெரு, அஞ்சல் குறியீடு, கீழ்த்தளம், எந்த மின்தூக்கிக்குப் பக்கம், எதைப் பார்த்தபடி. மாமா தலையசைத்துவிட்டு நடந்தார். சான்றிதழ் அவ்வளவுதான். அந்த ஆண்டே ஒரு தளவாட விநியோக நிறுவனத்தில் வேலை கிடைத்தது. நாள் முழுக்க ஓட்டுநர்களுக்கு வழி சொல்லும் வேலை.

தூணில் இருக்கும் எண்

2023இல் மாமாவுக்கு எண்பத்திரண்டு. அத்தை இறந்து நான்கு ஆண்டு ஆகியிருந்தது. மறதி மெல்ல மெல்ல வந்தது. முதலில் மருந்து, பிறகு கிழமை, பிறகு பெயர்கள். பழையது மட்டும் பளிச்சென்று இருந்தது. அவருடைய சட்டைப்பையில் என் தொலைபேசி எண் எழுதிய அட்டை ஒன்றை வைத்திருந்தேன். அவர் தனியாக வெளியே போவதில்லை. போக மாட்டார் என்று நினைத்திருந்தோம்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

“அக்கா, இங்க ஒரு தாத்தா நிக்கிறாருக்கா. வீடு தெரியலங்கிறாரு. பையில உங்க நம்பர் இருந்துச்சு.”

“எங்க இருக்கீங்க தம்பி?”

“தேக்காவுல அக்கா.”

“தேக்காவுல எங்க?”

“கடைக்கு முன்னாடி.”

“எந்தக் கடை?”

“நான் வேலை பாக்குற கடைதான்க்கா... பச்சைக் கதவு...” அவன் குரல் தடுமாறியது. “நான் வந்து ரெண்டு மாசம்தான்க்கா ஆச்சு.”

அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஒன்பது ஆண்டுக்கு முன் 995இல் பேசிய குரல். என் கை நடுங்கியது. ஆனால் கேள்விகள் நடுங்கவில்லை.

“தம்பி, பயப்படாதீங்க. தலையத் தூக்கிப் பாருங்க. தூணுல, இல்ல கதவு மேல எண் இருக்கா?”

இருந்தது. படித்தான்.

“இப்ப தெரு முனைக்குப் போங்க. பச்சைப் பலகையில வெள்ளை எழுத்து இருக்கும். ஒவ்வோர் எழுத்தாச் சொல்லுங்க.”

“டி... யு... என்... எல்... ஓ... பி.”

டன்லப் ஸ்திரீட். “பள்ளிவாசல் தெரியுதா?”

“தெரியுதுக்கா.”

“நீங்க நிக்கிறது அதே வரிசையா, எதிர் வரிசையா?”

“எதிர் வரிசைக்கா.”

“அவர உக்கார வச்சு ஏதாவது குடிக்கக் குடுங்க. நான் வந்துடுறேன்.”

டாக்சியில் போகும் வழியெல்லாம், அவனிடம் நான் ஒரு சொல்கூட ஆங்கிலத்தில் பேசவில்லை என்பது தோன்றிக்கொண்டே இருந்தது. மாமா எனக்குக் கற்றுக்கொடுத்ததும் ஆங்கிலம் மட்டும் இல்லைதான்.

போய் இறங்கியபோது, ஐந்தடிப் பாதையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மாமா தே குடித்துக்கொண்டிருந்தார். அந்தத் தம்பி, இருபத்திரண்டு வயது இருக்கும், பக்கத்தில் குந்தியிருந்தான்.

“அட்ரஸ் கேட்டேன்க்கா. சொன்னாரு” என்றான் என்னிடம். “தோ பாயோ, சிங்கப்பூர் பன்னெண்டுன்னாரு. போன்ல பன்னெண்டுன்னு போட்டுப் பாத்தேன். எதுவும் வரல.”

மாமா தவறாகச் சொல்லவில்லை. 1970களில் அதுதான் அவர் வீடு. அந்த முகவரிக்கு அவரே கடிதம் கொண்டுபோயிருக்கிறார்.

தம்பியின் பெயரைக் கேட்டேன், ஊரைக் கேட்டேன். திருவாரூர்ப் பக்கம். அவன் தங்கியிருக்கும் இடத்தின் முகவரி தெரியுமா என்று கேட்டேன். விழித்தான். அவனுடைய வேலை அனுமதி அட்டையையும் தொலைபேசியையும் வைத்து, முகவரியைக் கண்டுபிடித்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்தேன். மூன்று முறை சத்தமாகச் சொல்ல வைத்தேன். எண் முதலில், கதை பிறகு. மாமா தே குடித்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாம் முறை, “ஆங், இப்ப சரி” என்றார். எதைச் சரி என்றார் என்று எனக்குத் தெரியாது.

உங்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து அம்மாவோ, மாமியாரோ, புது மருமகளோ வந்திருந்தால், முதல் வாரத்தில் செந்தோசா காட்டுவதற்கு முன் புளோக்கின் கீழே அழைத்துப்போங்கள். சுவரில் இருக்கும் எண்ணை நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. இரண்டு ஆண்டு எனக்கு அதைச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கேட்க எனக்கும் தோன்றவில்லை.

அன்று மாலை வீடு வந்து சேர்ந்தோம். கீழ்த்தளத்தில் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி யாரோ பொருள் கொண்டுவந்தவருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்: ஏழாம் மாடி, கறிவேப்பிலைச் செடி வைத்திருக்கிறார்களே, அந்த வீட்டுக்கு அடுத்தது. கறிவேப்பிலைச் செடி எங்களுடையது. வேப்பமரத்து வீட்டிலிருந்து வந்தவள், கறிவேப்பிலை வீட்டுக்காரி ஆகியிருக்கிறேன். யாரும் என்னிடம் சொல்லவில்லை.

மின்தூக்கியில் ஏறினோம். மாமா கை நீட்டி 5ஐ அழுத்தினார். பழைய நாளில் எங்கள் புளோக்கின் மின்தூக்கி 1, 5, 9 என்று மூன்று மாடிகளில்தான் நிற்குமாம். ஐந்தில் இறங்கி இரண்டு மாடி படியேறுவார்களாம். எல்லா மாடிகளிலும் நிற்கும்படி மாற்றிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

நான் ஒன்றும் சொல்லாமல் 7ஐயும் அழுத்தினேன். ஐந்தாம் மாடியில் கதவு திறந்தது. மாமா வெளியே ஒருமுறை எட்டிப் பார்த்தார். தபால்காரர் எண்ணைச் சரிபார்ப்பதுபோல் இருந்தது. பிறகு உள்ளே தள்ளி நின்றுகொண்டார். கதவு மூடும்வரை இருவரும் காத்திருந்தோம்.